லிஸ்ப்பிலிருந்து சி-யை அழைப்பது: நினைவகத்துக்கு யார் பொறுப்பு?

காரைக்குடி வட்டாரத்தில் பொறியியலோ கணினி அறிவியலோ படிக்கிற மாணவருக்கு சி மொழி பெரும்பாலும் முதலாண்டிலேயே அறிமுகமாகிவிடும். லிஸ்ப்பைத் தாமாகத் தேடிப்போய்க் கற்றால்தான் உண்டு. அப்படிக் கற்றவருக்குச் சீக்கிரமே ஒரு தேவை வரும். தமக்கு வேண்டிய வேலையைச் செய்யும் நூலகம் ஏற்கெனவே இருக்கிறது, ஆனால் அது சி-யில் இருக்கிறது. எஸ்கியூலைட் தரவுத்தளம் அப்படித்தான். படக்கோப்புகளை விரித்துத் தரும் நூலகங்களும் அப்படித்தான். மின்வேதியியல் ஆய்வகத்தில் மின்னழுத்தம் அளக்கும் கருவியை வாங்கினால், கணினியோடு பேச அதனுடன் தருவதும் அநேகமாக ஒரு சி நூலகமும், அதில் உள்ளவற்றின் பெயரையும் வகையையும் பட்டியலிடும் தலைப்புக் கோப்பும்தான்.

அந்த நூலகத்தை லிஸ்ப்பில் திரும்ப எழுத வேண்டியதில்லை, அப்படியே அழைக்கலாம். அழைப்பு எளிது, பத்து நிமிடத்தில் கற்றுக்கொள்ளலாம். கவனமெல்லாம் வேண்டியிருப்பது நினைவகத்தில்தான். இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி அதைப் பற்றியதே.

லிஸ்ப்பை ஜான் மெக்கார்த்தி 1958-இல் வடிவமைக்கத் தொடங்கினார். பயன்படாத நினைவகத்தை மொழியே திரும்ப எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு, அதாவது குப்பை சேகரிப்பு, அங்கேதான் பிறந்தது. சி-யை 1972 வாக்கில் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கினார். அதில் மாலாக் என்று கேட்டால் இடம் கிடைக்கும், ஃப்ரீ என்று சொன்னால்தான் அது திரும்பும். சொல்ல மறந்தால் நிரல் முடியும்வரை அந்த இடம் அடைபட்டே கிடக்கும். லிஸ்ப்பின் குப்பை சேகரிப்பான் இன்னொன்றும் செய்கிறது: உயிரோடு இருக்கும் பொருள்களை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகர்த்தி அடுக்கும். பொருளின் முகவரி மாறினாலும் லிஸ்ப் நிரலுக்கு அது தெரியாது, தெரியவும் வேண்டாம். சி-க்கோ முகவரிதான் எல்லாம். ஒரு முகவரியைக் கொடுத்தால் அது அங்கேயே இருக்கும் என்று நம்பி எழுதும், படிக்கும். கீழே வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த வேறுபாட்டிலிருந்து கிளைத்தவை.

என்னென்ன வேண்டும்

லிஸ்ப் குடும்பத்தில் நாம் இங்கே பயன்படுத்தும் காமன் லிஸ்ப்புக்கு 1994-இல் வந்த ஆன்சி தரம், பிற மொழிகளை அழைப்பதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அதனால் ஒவ்வொரு லிஸ்ப்பும் தனக்கென ஒரு வழி வைத்திருக்கிறது. அந்த வேறுபாடுகளை மறைத்து ஒரே முறையில் எழுத உதவுவது சிஎஃப்எஃப்ஐ என்ற நூலகம். லினக்ஸில் எஸ்பிசிஎல் என்ற காமன் லிஸ்ப், அதில் நூலகங்களை நிறுவித் தரும் குவிக்லிஸ்ப், குவிக்லிஸ்ப் வழியாக சிஎஃப்எஃப்ஐ, கூடவே ஜிசிசி என்ற சி தொகுப்பி. இவை போதும். கீழே சொல்லும் அளவுகள் எல்லாம் 64 பிட் லினக்ஸ் கணினிக்கு உரியவை.

லிஸ்ப், சி பெயர்களை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறோம். தட்டச்சும்போது அவற்றின் ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பயன்படுத்துங்கள். நீங்களே வைக்கும் மாறிப் பெயர்களை மட்டும் தமிழிலேயே வைக்கலாம், எஸ்பிசிஎல் அதை ஏற்கும்.

முதல் அழைப்பு

ஒரு சரத்தில் எத்தனை பைட் என்று எண்ணிச் சொல்லும் ஸ்டிர்லென் சி-யின் அடிப்படை நூலகத்தில் இருக்கிறது. எஸ்பிசிஎல் ஓடும்போதே அந்த நூலகமும் ஏற்றப்பட்டிருக்கும். ஆகவே எதையும் தனியே ஏற்றாமல் அறிவிப்பை மட்டும் எழுதினால் போதும்:

(டெஃப்சிஃபன் ("ஸ்டிர்லென்" பைட்-எண்ணு) :அன்சைன்டு-லாங்
  (சரம் :ஸ்ட்ரிங்))

முதலில் சி-யில் உள்ள பெயரும் லிஸ்ப்பில் நாம் வைக்கும் பெயரும். அடுத்து, திரும்பி வரும் மதிப்பின் வகை. அதன்பின் உள்ளே போகும் ஒவ்வொன்றின் பெயரும் வகையும். அவ்வளவுதான்.

இப்போது (பைட்-எண்ணு "காரைக்குடி") என்று கேட்டால் 30 என்று வரும். எழுத்துக் கணக்கில் கா, ரை, க், கு, டி என்று ஐந்துதான். லிஸ்ப்பின் லெங்த் 10 என்று சொல்லும், ஏனென்றால் யூனிகோடில் மெய்க்கும் உயிர்க்குறிக்கும் புள்ளிக்கும் தனித்தனிக் குறியெண். யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியெண்ணுக்கும் 3 பைட், ஆக 30. சி-யின் சரம் முடிந்தது என்று காட்டும் சுழியன் பைட்டையும் சேர்த்தால் நினைவகத்தில் 31 பைட் வேண்டும். தமிழ்ச் சரத்துக்கு இடம் ஒதுக்கும்போது லெங்த் தரும் எண்ணை நம்பி 10 பைட் ஒதுக்கினால் மீதி 21 பைட், பக்கத்தில் இருக்கும் வேறு எதன்மேலோ போய் விழும். ஆங்கிலப் பெயர்களோடு மட்டும் சோதித்த நிரல், கானாடுகாத்தான் என்ற பெயர் வந்ததும் சாய்வதற்கு இதுதான் காரணம். அந்தப் பெயருக்கு 14 குறியெண், 42 பைட், முடிவுப் பைட்டோடு 43.

தேவகோட்டை இன்னும் நுட்பமானது. அதில் உள்ள கோ-வின் உயிர்க்குறியை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம், இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். முதல் வகையில் 27 பைட், இரண்டாம் வகையில் 30. ஆகவே எந்தச் சரத்துக்கும் பைட் அளவை ஊகிக்க வேண்டாம், ஒவ்வொரு முறையும் கேட்டே தெரிந்துகொள்ளுங்கள்.

சொந்த நூலகமும் வகைப் பிழையும்

ஆத்தங்குடிக் கல் பதிக்க எத்தனை கல் வேண்டும் என்று கணக்கிடும் சிறு சி சார்பை எடுத்துக்கொள்வோம். அடியில் நீளம், அடியில் அகலம், அங்குலத்தில் கல்லின் ஒரு பக்கம் என்று மூன்று டபுள், அதாவது தசம எண்கள், உள்ளே போகும். பரப்பைச் சதுர அங்குலமாக்கி, கல்லின் பரப்பால் வகுத்து, மேல்நோக்கி முழுமையாக்கி ஒரு இன்ட்டாக, அதாவது முழு எண்ணாக, திருப்பும். 40 அடிக்கு 24 அடி உள்ள வளவுக்கு, 10 அங்குலக் கல் என்றால் 1,38,240-ஐ 100 ஆல் வகுத்து 1382.4, ஆக 1383 கல். (உடைசலுக்கும் ஓர வெட்டுக்கும் தனியே சேர்க்க வேண்டும், அது இந்தச் சார்பின் வேலை இல்லை.)

இதை ஜிசிசி-யில் ஷேர்டு, எஃப்பிக் என்ற இரண்டு தேர்வுகளோடு தொகுத்தால் எஸ்ஓ என்று முடியும் பகிர்நூலகக் கோப்பு கிடைக்கும். மேல்நோக்கி முழுமையாக்கும் சீல் என்ற சார்பு கணித நூலகத்தில் இருப்பதால் கடைசியில் எல்எம் என்பதையும் சேருங்கள். லிஸ்ப்பில் லோட்-ஃபாரின்-லைப்ரரி என்பதற்கு அந்தக் கோப்பின் முழுப் பாதையைக் கொடுங்கள். வெறும் பெயரைக் கொடுத்தால் இயங்குதளம் தன் வழக்கமான கோப்பகங்களில்தான் தேடும், நீங்கள் நிற்கும் கோப்பகத்தில் தேடாது. "நூலகம் கிடைக்கவில்லை" என்ற முதல் நாள் பிழையில் பெரும்பாலானவை இதுதான்.

நூலகத்தை ஏற்றுமுன் அறிவிப்பைத் தொகுத்தால், அந்தப் பெயரில் சார்பு எதுவும் இல்லை என்று எஸ்பிசிஎல் எச்சரிக்கும். பிறகு ஏற்றினால் எச்சரிக்கை தானே பொருளற்றுப் போகும். ஏற்றிய பிறகும் அந்த எச்சரிக்கை வந்தால் பெயரில் எழுத்துப்பிழை.

அறிவிப்பில் நீளத்தை :டபுள் என்று சரியாகச் சொல்லிவிட்டு, அழைக்கும்போது 40.0 என்று கொடுத்தால் லிஸ்ப் வகைப்பிழை என்று நிறுத்திவிடும், ஏனென்றால் அது ஒற்றைத் துல்லிய எண்ணாக வாசிக்கப்படுகிறது. 40டி0 என்று எழுத வேண்டும். இது நல்ல பிழை, உடனே தெரிகிறது. அறிவிப்பையே தவறாக, மூன்றையும் :இன்ட் என்று எழுதிவிட்டு 40 போன்ற முழு எண்களைக் கொடுத்தால்தான் ஆபத்து. எந்தப் பிழையும் வராது. லிஸ்ப் நீளத்தைச் செயலிக்குள் முழு எண்களுக்கான பதிவகத்தில் வைக்கும், சி சார்பு தசம எண்களுக்கான வேறொரு பதிவகத்தைப் பார்க்கும். அங்கே முன்பு நடந்த ஏதோ கணக்கின் மிச்சம் கிடக்கும், அதை நீளம் என்று எடுத்துக்கொள்ளும். சில நேரம் நம்பத்தக்க விடைகூட வரும். அறிவிப்பு சரியா என்று லிஸ்ப்பால் சோதிக்க முடியாது, பகிர்நூலகக் கோப்பில் வகைகளைப் பற்றிய செய்தியே இல்லை. தலைப்புக் கோப்பைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக ஒப்பிடுவதுதான் வழி. :லாங் என்ற வகையில் கூடுதல் கவனம் வேண்டும்: 64 பிட் லினக்ஸில் அது 8 பைட், 64 பிட் விண்டோஸில் 4.

இதே சார்புக்குக் கல்லின் பக்கம் 0 என்று கொடுத்துப் பாருங்கள். சி நிரலிலிருந்து அழைத்தால் வகுத்தல் முடிவிலியைத் தந்துவிட்டு மேலே போகும். எஸ்பிசிஎல்-லிருந்து அழைத்தால் சுழியால் வகுத்த பிழை எழும். தசமக் கணக்கில் சுழியால் வகுத்தல், பொருளற்ற விடை, எல்லை மீறல் ஆகிய மூன்றுக்கும் எஸ்பிசிஎல் செயலியில் பொறி வைத்திருக்கிறது. சி நூலகங்கள் அந்தப் பொறி இல்லை என்று நம்பி எழுதப்பட்டவை. வரைகலை நூலகங்களை அழைக்கும்போது எங்கிருந்தோ சுழிப்பிழை வந்தால் திகைக்க வேண்டாம். அந்த அழைப்பை மட்டும் வித்-ஃப்ளோட்-ட்ராப்ஸ்-மாஸ்க்டு என்ற மேக்ரோவுக்குள் வைத்தால் சரியாகும்.

இடம் ஒதுக்குவதும் திருப்புவதும்

அளவைக் கருவியிலிருந்து 1024 மின்னழுத்த அளவுகளைப் படிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். சி சார்பு ஒரு முகவரியையும் எண்ணிக்கையையும் கேட்கிறது, அந்த முகவரியிலிருந்து டபுள்களை வரிசையாக எழுதும். ஒரு டபுள் 8 பைட், மொத்தம் 8192 பைட். ஒதுக்க இரண்டு வழி உண்டு.

அழைப்பு முடிந்ததும் தேவையில்லை என்றால் வித்-ஃபாரின்-ஆப்ஜெக்ட். அதன் அடைப்புக்குள் இடம் இருக்கும், வெளியே வந்ததும் போய்விடும். பிழையால் வெளியே வந்தாலும் போய்விடும். தொடங்குபவர்களுக்கு இதுவே போதும், பத்தில் எட்டு இடங்களில் இதற்குமேல் தேவைப்படாது என்பது எங்கள் கணிப்பு. அளவு சில ஆயிரம் பைட்டுக்குள் இருக்கட்டும், ஏனென்றால் இந்த இடம் பல வேளைகளில் அடுக்கிலிருந்து (ஸ்டாக் எனப்படும், அளவில் சிறிய தற்காலிக நினைவகம்) எடுக்கப்படுகிறது. செய்யக்கூடாதது ஒன்று: அடைப்பின் கடைசியில் அந்த இடத்தின் முகவரியைத் தாங்கும் சுட்டியையே விடையாகத் திருப்புவது. சுட்டி வெளியே வரும், அது காட்டும் இடம் வராது. உடனே படித்தால் பழைய எண்கள் அப்படியே இருப்பதுபோலத் தோன்றும், அடுத்த அழைப்பு அதன்மேல் எழுதியதும் கெடும். சுட்டியை அல்ல, எண்களை லிஸ்ப் அணியில் (அர்ரே) நகலெடுத்து அந்த அணியைத் திருப்புங்கள். 1024 எண்களை நகலெடுக்க ஆகும் நேரம், கருவி ஓர் அளவை எடுக்கும் நேரத்தோடு பார்த்தால் ஒன்றுமில்லை.

பெரிய இடமோ நெடுநேரம் வாழும் இடமோ வேண்டுமென்றால் ஃபாரின்-அலாக். இதைத் திருப்புவது உங்கள் பொறுப்பு, ஃபாரின்-ஃப்ரீ சொல்ல வேண்டும். இடையில் பிழை எழுந்தாலும் சொல்ல வேண்டும் என்பதால் அன்வைன்ட்-ப்ரொடெக்ட் தேவை (கருவியை-வாசி, அணியாக-நகலெடு இரண்டும் நாம் வைத்த பெயர்கள்):

(லெட் ((இடம் (ஃபாரின்-அலாக் :டபுள் :கவுன்ட் 1024)))
  (அன்வைன்ட்-ப்ரொடெக்ட்
      (ப்ரோக்ன் (கருவியை-வாசி இடம் 1024)
             (அணியாக-நகலெடு இடம் 1024))
    (ஃபாரின்-ஃப்ரீ இடம்)))

ஒதுக்கீடு அன்வைன்ட்-ப்ரொடெக்ட்டுக்கு வெளியே இருப்பதைக் கவனியுங்கள். உள்ளே வைத்தால், ஒதுக்கீடே தோற்றுப்போன நேரத்தில் இல்லாத இடத்தைத் திருப்ப முயலும். :கவுன்ட் மறந்தால் ஒரே ஒரு டபுளுக்கு, 8 பைட்டுக்கு மட்டும் இடம் கிடைக்கும். கருவியோ 8192 பைட்டை எழுதும்.

ஒதுக்கிய இடம் சுத்தமாக வராது. முன்பு அங்கே இருந்தது அப்படியே இருக்கும். கருவி 1024 கேட்டதற்கு 900 மட்டுமே தந்தால் மீதி 124 இடங்களில் இருப்பது குப்பை. சார்பு திருப்பும் எண்ணிக்கையைப் பார்த்து அவ்வளவை மட்டும் நகலெடுங்கள்.

தனித்தனி எண்ணைப் படிக்க மெம்-ஏரெஃப். லிஸ்ப் அணிக்கு உள்ள எல்லைக் காவல் இதற்கு இல்லை. 1024 இடத்தில் கடைசி எண் 1023-ஆவது. எண்ணிக்கை 0-இல் தொடங்குகிறது. 1024-இலோ அதைத் தாண்டியோ எழுதினால் தடுப்பவர் எவருமில்லை. அந்த எழுத்து மாலாக் தன் கணக்குக்காக அடுத்த துண்டின் தலையில் வைத்திருக்கும் குறிப்பைக் கெடுத்துவிடலாம். அப்போது நிரல் அந்த வரியில் விழாது. வேறெங்கோ, தொடர்பே இல்லாத ஒரு ஃப்ரீயில் விழும். நினைவகப் பிழையைத் தேடுவது கடினமாக இருப்பது இதனால்தான். விழுந்த இடத்தைவிட, அதற்கு முன் எழுதப்பட்ட இடங்களைத் தேட வேண்டும்.

பொறுப்பு யாருடையது

செட்டிநாட்டு வீடுகளில் அண்டா, குண்டான், தாம்பாளம் எல்லாவற்றிலும் வீட்டு விலாசம் வெட்டியிருக்கும். கல்யாணத்துக்குப் பங்காளி வீடுகளிலிருந்து இரவல் வந்த சாமான், விசேஷம் முடிந்ததும் விலாசம் பார்த்து அந்தந்த வீட்டுக்குத் திரும்பும். சுட்டியில் அப்படி எதுவும் வெட்டப்படவில்லை. அது வெறும் 8 பைட் எண். யார் ஒதுக்கியது, யார் திருப்ப வேண்டும், எதுவரை செல்லும் என்ற எதுவும் அதில் தெரியாது. அதை நாம்தான் ஒவ்வொரு அறிவிப்பின் மேலும் குறிப்பாக எழுதி வைக்க வேண்டும். சி நூலகத்தின் ஆவணத்தை வாசிக்கும்போது முதலில் தேட வேண்டிய செய்தி இது.

நாம் ஒதுக்கி, சி பயன்படுத்தி, அழைப்பு முடிந்ததும் நாமே திருப்புவது மிகச் சாதாரணம். மேலே பார்த்த கருவி அப்படி.

நாம் கொடுத்ததை சி வைத்துக்கொள்வது ஏமாற்றக்கூடியது. :ஸ்ட்ரிங் என்று அறிவித்தால் சிஎஃப்எஃப்ஐ தற்காலிகமாக ஒரு சி சரத்தை ஆக்கி, அழைப்பு முடிந்ததும் அழித்துவிடும். ஸ்டிர்லென்னுக்கு அது சரி. சூழல் மாறியை அமைக்கும் புட்என்வி-க்குச் சரியில்லை, ஏனென்றால் அது சரத்தை நகலெடுக்காது. நீங்கள் கொடுத்த முகவரியையே சூழலில் பதித்துவிடும். அழைப்பு முடிந்த நொடியில் அந்த முகவரி செத்துவிடுகிறது. செட்என்வி நகலெடுத்துக்கொள்ளும், அதைப் பயன்படுத்துங்கள். அப்படி மாற்று இல்லாத நூலகத்தில் ஃபாரின்-ஸ்ட்ரிங்-அலாக் மூலம் நீங்களே சரத்தை ஆக்கி, நூலகம் அதை விடுவிக்கும்வரை திருப்பாமல் வைத்திருக்க வேண்டும்.

சி ஒதுக்கி நம்மிடம் கொடுத்துவிடுவது மூன்றாவது. சரத்தை நகலெடுத்துத் தரும் ஸ்டிர்டியூப் அப்படி. அதன் விடையை :ஸ்ட்ரிங் என்று அறிவித்தால் உங்களுக்கு லிஸ்ப் சரம் கிடைக்கும், மூலச் சுட்டி தொலைந்துவிடும். தொலைந்ததைத் திருப்ப முடியாது. ஒவ்வோர் அழைப்புக்கும் கொஞ்சம் கசியும். இங்கே விடையை :பாயின்டர் என்று அறிவித்து, ஃபாரின்-ஸ்ட்ரிங்-டு-லிஸ்ப் மூலம் மாற்றி, பிறகு திருப்புங்கள். எதைக் கொண்டு திருப்புவது என்பதும் முக்கியம். எஸ்கியூலைட்டின் எக்ஸெக் சார்பு தரும் பிழைச் செய்தியை எஸ்கியூலைட்டின் சொந்த ஃப்ரீயால்தான் திருப்ப வேண்டும் என்று அதன் ஆவணம் சொல்கிறது. ஒதுக்கிய நூலகம் எதைச் சொல்கிறதோ அதுவே. எல்லாம் கடைசியில் ஒரே ஃப்ரீதானே என்ற எண்ணம் வேண்டாம். விண்டோஸில் ஒரே நிரலுக்குள் இரண்டு சி அடிப்படை நூலகங்கள் தனித்தனி நினைவகக் கணக்கோடு இருக்கக்கூடும், ஒன்றின் இடத்தை மற்றொன்று திருப்பினால் விழும்.

நான்காவது, சி இரவலாகக் காட்டுவது. சூழல் மாறியைப் படிக்கும் கெட்என்வி சூழலுக்குள்ளேயே ஓரிடத்தைக் காட்டுகிறது. உள்ளூர் நேரம் தரும் லோக்கல்டைம் தனக்குள் இருக்கும் ஒரே கட்டமைப்பைக் காட்டுகிறது, அடுத்த அழைப்பு அதன்மேலேயே எழுதும். இவற்றைத் திருப்பக்கூடாது. உடனே நகலெடுத்துக்கொண்டு சுட்டியை மறந்துவிட வேண்டும். :ஸ்ட்ரிங் என்ற விடைவகை கெட்என்வி போன்றவற்றுக்கே பொருத்தம்.

எந்தச் சுட்டி வந்தாலும் முதலில் அது வெற்றுச் சுட்டியா என்று நல்-பாயின்டர்-பி கொண்டு கேளுங்கள். சி-யில் தோல்வியைச் சொல்லும் வழக்கமான முறை அது. பொய் என்று பொருள்படும் லிஸ்ப்பின் நில் வேறு, வெற்றுச் சுட்டி வேறு. இஃப்-பில் நேராகச் சோதித்தால் வெற்றுச் சுட்டியும் உண்மை என்றே கொள்ளப்படும்.

கட்டமைப்புகள்

பல மதிப்புகளை ஒன்றாகக் கட்டி வைப்பது சி-யின் கட்டமைப்பு (ஸ்ட்ரக்ட்). ஒரு கல்லுக்கு நிறக்குறி ஒரு சார் (ஒற்றை எழுத்து), விலை ஒரு டபுள், எண்ணிக்கை ஒரு இன்ட். 1, 8, 4 சேர்த்தால் 13 பைட். ஆனால் சி அதற்கு 24 பைட் எடுக்கும். டபுள் 8-இன் மடங்கில் தொடங்க வேண்டும் என்பதால் சாருக்குப் பின் 7 பைட் வெற்றிடம், கடைசியில் மொத்தத்தை 8-இன் மடங்காக்க இன்னும் 4. அதே மூன்றையும் டபுள், இன்ட், சார் என்று வரிசை மாற்றினால் 16 பைட்டில் முடியும். டெஃப்சிஸ்ட்ரக்ட் இந்த வெற்றிடங்களைத் தானே கணக்கிடும், ஆனால் உறுப்புகளின் வரிசை தலைப்புக் கோப்பில் உள்ளபடியே இருந்தால்தான். ஃபாரின்-டைப்-சைஸ் தரும் எண்ணும் சி-யில் சைஸ்ஆஃப் தரும் எண்ணும் ஒன்றா என்று ஒருமுறை பாருங்கள். அளவு ஒத்திருந்தும் வரிசை பிசகலாம் என்பதால் ஓர் உறுப்பில் தெரிந்த மதிப்பை வைத்தும் படித்துப் பாருங்கள். பெரிய நூலகம் என்றால் சிஎஃப்எஃப்ஐ-யோடு வரும் குரோவல் என்ற கருவி, சி தொகுப்பியிடமே கேட்டு இந்த அளவுகளை எடுத்துக்கொள்ளும். கையால் எழுதுவதைவிட அது நம்பகமானது.

கட்டமைப்பைச் சுட்டியாக அல்லாமல் மதிப்பாகவே வாங்கும் சார்புகளுக்கு சிஎஃப்எஃப்ஐ-லிப்எஃப்எஃப்ஐ என்ற துணை நூலகமும் வேண்டும்.

லிஸ்ப் அணியை நேரே கொடுக்கலாமா

பல மெகாபைட் தரவு என்றால் நகலெடுப்பது சுமைதான். வித்-பாயின்டர்-டு-வெக்டர்-டேட்டா என்ற மேக்ரோ, அதன் அடைப்பு முடியும்வரை அணியைக் குப்பை சேகரிப்பான் நகர்த்தாமல் நிறுத்தி வைத்து, அதன் முகவரியைத் தரும். இரண்டு நிபந்தனை. அணி டபுள்-ஃப்ளோட் அல்லது 8 பிட் எண் போன்ற ஒரே வகைக்கென ஆக்கப்பட்டதாக இருக்க வேண்டும். எதையும் வைக்கும் பொது அணியில் எண்கள் நேரடியாக இருக்காது, லிஸ்ப்பின் அடையாளம் ஒட்டிய சுட்டிகள்தான் இருக்கும், சி-க்கு அவை புரியாது. அடுத்து, அந்த முகவரியை சி பிறகு பயன்படுத்த வைத்துக்கொள்ளக் கூடாது. அடைப்பைத் தாண்டியதும் அணி நகரலாம்.

ஃபைனலைசரை நம்பி இருக்கலாமா

சுட்டியை ஒரு லிஸ்ப் பொருளுக்குள் வைத்து, பொருள் குப்பையாகும்போது சுட்டியையும் திருப்பச் சொல்ல ட்ரிவியல்-கார்பேஜ் நூலகத்தின் ஃபைனலைஸ் உதவும். வசதியானது, ஆனால் முதன்மை வழியாக வைக்காதீர்கள் என்றே சொல்வோம். ஒரு பொருள் லிஸ்ப்பின் பார்வையில் சில பத்து பைட், அது காட்டும் சி இடம் 100 மெகாபைட் என்று வையுங்கள். லிஸ்ப்பின் குப்பை சேகரிப்பான் தன் பக்கத்துப் பைட்டுகளைத்தான் எண்ணுகிறது. அப்படி இருபது பொருள் கைவிடப்பட்டு 2 ஜிபி அடைபட்டிருந்தாலும் அதற்கு ஓட வேண்டிய அவசரமே தெரியாது. ஓடினாலும் எந்த வரிசையில் திருப்பும் என்ற உறுதி இல்லை, நிரல் முடியும்போது ஓடாமலும் போகலாம்.

ஃபைனலைஸுக்குக் கொடுக்கும் லாம்டாவுக்குள் (பெயரில்லாச் சார்பு) அந்தப் பொருளையே குறிப்பிட்டால், லாம்டா பொருளைப் பிடித்துக்கொண்டிருக்கும், பொருள் ஒருபோதும் குப்பையாகாது. சுட்டியை முன்னதாகத் தனி மாறியில் எடுத்து, அதை மட்டும் லாம்டாவுக்குள் விடுங்கள்.

சரியான ஏற்பாடு இப்படி இருக்கும்: மூடு என்று ஒரு சார்பு, அதை அன்வைன்ட்-ப்ரொடெக்ட்டில் வைக்கும் ஒரு வித் மேக்ரோ, மறந்தவர்களுக்காகப் பின்னால் ஒரு ஃபைனலைசர். மூடு சார்பு சுட்டியைத் திருப்பியதும் ஃபைனலைசரை ரத்து செய்து, பொருளுக்குள் இருக்கும் சுட்டியை வெற்றுச் சுட்டியாக்க வேண்டும். இல்லையென்றால் ஒரே இடம் இரண்டு முறை திரும்பும். லினக்ஸின் சி அடிப்படை நூலகமான ஜிலிப்சி பல நேரம் இதைக் கண்டுபிடித்து "டபுள் ஃப்ரீ" என்று சொல்லி நிரலையே நிறுத்திவிடும், லிஸ்ப் அமர்வு முழுதும் போகும். கண்டுபிடிக்காத நேரம் இன்னும் மோசம்: அதே இடம் இரண்டு பேருக்கு ஒதுக்கப்பட்டு ஒருவர்மேல் ஒருவர் எழுதுவார்கள்.

சி நம்மைத் திரும்ப அழைக்கும்போது

வரிசைப்படுத்தும் கியூசார்ட் போன்றவை ஒப்பிடும் சார்பை நம்மிடம் கேட்கும். டெஃப்கால்பேக் கொண்டு அதை லிஸ்ப்பில் எழுதலாம். கற்களின் விலைகளை வரிசைப்படுத்துகிறோம் என்றால், உள்ளே வருவது விலைகள் அல்ல, விலைகளைக் காட்டும் சுட்டிகள்; மெம்-ரெஃப் கொண்டு படித்து -1, 0, 1 என்று திருப்புங்கள். விலைகளைக் கழித்து இன்ட்டாக்கித் திருப்பினால் 45.25-க்கும் 45.75-க்கும் வித்தியாசம் 0 ஆகிவிடும், வரிசை கெடும்.

அந்தச் சார்புக்குள் எழும் எந்தப் பிழையும் வெளியே தாண்டக்கூடாது. தாண்டினால் நடுவில் நிற்கும் சி சார்பு பாதியில் கைவிடப்படும். அது பிடித்திருந்த பூட்டு திறக்காது, ஒதுக்கிய இடம் திரும்பாது. உள்ளேயே ஹேண்ட்லர்-கேஸ் கொண்டு பிடித்து, பிழையை ஒரு மாறியில் வைத்து, சி முடித்துத் திரும்பிய பிறகு லிஸ்ப் பக்கத்தில் எழுப்புங்கள்.

கோளாறைக் கண்டுபிடிக்க

தவறான முகவரியைத் தொட்டால் எஸ்பிசிஎல் பல நேரம் நினைவகப் பிழை என்று லிஸ்ப் பிழையாகவே காட்டும், அமர்வு தொடரும். தொடர்கிறதே என்று அதில் வேலை செய்ய வேண்டாம். நினைவகம் கெட்டிருக்கலாம் என்று அதுவே எச்சரித்தால் வேலையைச் சேமிக்கவும் முயலாமல் மூடிவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். கெட்ட அமர்வில் சேமித்த கோப்பும் கெட்டிருக்கலாம்.

கசிவைப் பார்க்க லிஸ்ப்பின் ரூம் உதவாது, அது லிஸ்ப் பக்கத்தை மட்டுமே எண்ணுகிறது. ப்ராக் கோப்பகத்தில் உங்கள் செயல்முறையின் ஸ்டேட்டஸ் கோப்பைத் திறந்து, அது பிடித்திருக்கும் நினைவகத்தைக் காட்டும் விஎம்ஆர்எஸ்எஸ் என்ற வரியைப் பாருங்கள். சந்தேகமான சார்பை ஒரு லட்சம் முறை சுற்றில் ஓட்டி, முன்னும் பின்னும் அந்த எண்ணை ஒப்பிடுங்கள். ஒரு முறைக்கு 8192 பைட் கசிந்தால் லட்சம் முறைக்கு 81.92 கோடி பைட், மறைக்க முடியாது. முதல் சில ஆயிரம் சுற்றில் கொஞ்சம் ஏறி அங்கேயே நின்றால் அது கசிவு அல்ல, மாலாக் தன் கையிருப்பைச் சேர்த்துக்கொண்டது. சுற்றுக்கு ஏற்ப ஏறிக்கொண்டே போனால்தான் கசிவு.

சி பகுதியை நீங்களே எழுதியிருந்தால், லிஸ்ப்போடு சேர்க்குமுன் ஒரு சிறு சி நிரலிலிருந்து அதை அழைத்து, ஜிசிசி-யின் அட்ரஸ் சானிடைசரோடு ஓட்டிப் பாருங்கள். எல்லை மீறிய எழுத்தை வரி எண்ணோடு அது காட்டிவிடும்.

லிஸ்ப் அமர்வை முழுதாகப் படிமமாகச் சேமிப்பவர்கள் கவனிக்க: ஏற்றிய நூலகங்களை எஸ்பிசிஎல் மறுமுறை தொடங்கும்போது திரும்ப ஏற்ற முயலும், ஆனால் மாறிகளில் மிச்சமிருக்கும் சுட்டிகள் பழைய செயல்முறையின் முகவரிகள். சேமிக்குமுன் எல்லாவற்றையும் மூடி வெற்றுச் சுட்டியாக்கிவிட்டு, தொடங்கும்போது ஓடும் சார்பில் கருவியை மறுபடி திறக்கும்படி எழுதுங்கள்.